உழைப்பும் பயிற்சியும்: மகப்பேற்றுக்கால உடலியக்கம் பற்றிய கருத்து வரலாறு

கருவுற்ற மகளிர்க்கு உடலியக்கம் நன்றோ, ஓய்வு நன்றோ என்னும் வினா மிகப் பழமையானது. இதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளை நோக்குமிடத்து, இயக்கத்தைப் போற்றுவோர் ஒரு சாரார், ஓய்வைப் போற்றுவோர் மற்றொரு சாரார் எனத் தோன்றும். ஆயின், இவ்விரு சாராரும் தம்முள் முரண்பட்டோர் அல்லர். இருவேறு வாழ்க்கை நிலையிலிருந்த மகளிரைக் கண்டு பேசியோர் ஆவர். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' என்னும் நூலின் ஏழாம் பகுதியில் இப்பொருளைத் தொடுகின்றார். சூலுற்ற மகளிர் உடலைச் சோம்பவிடலாகாது, உணவைச் சுருக்கலாகாது, மகப்பேற்றுத் தெய்வங்களின் கோயிலுக்கு நாள்தோறும் நடந்து சென்று வழிபடுமாறு சட்டம் இயற்றுவோர் செய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. நடை, உணவு, மன அமைதி ஆகிய மூன்றையும் அவர் ஒருங்கே கூறியிருத்தல் கருதத்தக்கது. அவர் கருதியது குடியுரிமை பெற்ற இல்லத்து மகளிரையே. வேலையால் நைந்த அடிமைப் பெண்டிரை அன்று.

பிள்ளைப்பேற்றின் பின்னர்க் கொள்ளத்தக்க ஒழுக்கம் பற்றிப் பேசியோருள் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் ஒயிட் குறிப்பிடத்தக்கவர். காற்றுப் புகாது அடைத்த அறையில் தாயைப் பல நாள் கிடத்தி வைக்கும் வழக்கத்தை அவர் 1773இல் வெளியிட்ட நூலிற் கண்டித்தார். சாளரங்களைத் திறத்தலும், தாயை விரைவில் எழுந்து அமரச் செய்தலும் பேற்றுக் காய்ச்சலைத் தடுக்கும் என்றார். எனினும், நெடுநாட் படுக்கை வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில் பல நாடுகளில் நீடித்தது.

இனி ஓய்வின் பக்கம் நின்ற சான்றைக் காண்போம். பாரிசு நகர மருத்துவர் அடால்ப் பினார், பேற்றுநாள் வரையில் வேலை செய்த ஏழை மகளிரின் குழந்தைகளையும், பேற்றுக்கு முன்னர் ஓய்வு பெற்ற மகளிரின் குழந்தைகளையும் எடையிட்டு ஒப்புநோக்கினார். ஓய்வு பெற்றோரின் குழந்தைகள் எடை மிக்கிருந்தமையை 1895இல் வெளியிட்டார். பேற்றுக்குப் பின் ஆறு வாரம் பெண்களை வேலையில் அமர்த்தலாகாது என்னும் 1919ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் உடன்படிக்கையும் ஓய்வை வலியுறுத்திய இக்கருத்துப் போக்கைச் சார்ந்ததே.

இதற்கு மறுதலையாகத் தோன்றுவது காசுமீரத்துச் சான்று. சீநகரில் மருத்துவப் பணியாற்றிய காத்லீன் வாகன் அம்மையார், திரைமறைவில் அடைபட்டு வாழ்ந்த நகர மகளிர் பலர்க்கு எலும்பு மென்மை நோயால் இடுப்பெலும்பு சிதைந்திருந்தமையையும், வெட்டவெளியில் வாழ்ந்த படகுக் குடிப் பெண்டிர் எளிதில் மகப்பெற்றமையையும் கண்டார். திரைமறைவு வழக்கம் தாய்மைக்கு விளைக்கும் கேட்டைப் பற்றி 1928இல் நூல் எழுதினார். ஆயின், அந்நோய்க்குத் தலையாய காரணம் வெயில் படாமையால் நேரும் வைட்டமின் டி குறைவே. ஆகலின், இச்சான்றை உடலியக்கத்தின் பயனுக்கு மட்டும் உரியதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கலந்து கிடந்த காரணங்களைப் பிரித்தறியும் ஆய்வுகள் பின்னரே பெருகின. இடுப்புத் தளத் தசைகளுக்குரிய பயிற்சியை ஆர்னால்டு கெகல் 1948இல் விளக்கினார். பேற்றுக்குப் பின் சிறுநீர் கட்டின்றிக் கசிதலைக் குறைக்க அது இன்றும் பயன்படுகின்றது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகம் 1985இல், கருவுற்றோரின் நெஞ்சத்துடிப்பு நிமிடத்திற்கு 140ஐக் கடத்தலாகாது என வரையறுத்தது. போதிய சான்று இன்மையின் 1994இல் அவ்வரையறையைக் கைவிட்டது. தடைக்குரிய நோய்நிலை இல்லாதோர் கருக்காலத்தும் பேற்றின் பின்னும் வாரந்தோறும் 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம் கொள்ளுதல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. மிகை எடையும் கருக்கால நீரிழிவும் இதனாற் குறைகின்றன. குருதிப்போக்கு, கருக்கால மிகை இரத்த அழுத்தம் முதலியன உடையோர் மருத்துவர் சொல்வழி நிற்றல் வேண்டும்.

மேலும், பளுத் தூக்குதலும் நெடுநேரம் நின்று வேலை செய்தலும் குறைமாதப் பேற்றோடு தொடர்புடையன என ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் அசைதல் இரண்டிடத்தும் ஒன்றே, விளைவு வேறு. இவ்வேறுபாட்டை நம் மொழி முன்னரே உணர்த்துகின்றது. 'உழத்தல்' வருந்துதலையும் குறிக்கும்; 'பயிற்சி' பயிலுதலின் அடியாகப் பிறந்தது. பயிற்சியில் அளவும் ஓய்வும் அவள் வயத்தன; கூலி உழைப்பில் அவை பிறர் வயத்தன.

இதுகாறும் கூறியவாற்றான், பினார் கண்டது உழைப்பின் மிகையையும், வாகன் கண்டது அடைபட்ட வாழ்வின் கேட்டையும் ஆகும் என்பது பெறப்படும். அடைபட்டவளுக்கு வேண்டுவது நடை. சுமை சுமப்பவளுக்கு வேண்டுவது ஓய்வு. பயிற்சியின் பயனைக் கூறுமிடத்து, கேட்பவள் யாவள் என வினவாது கூறுதல் பாதி உண்மையே ஆகும். வயலிலும் சூளையிலும் பாடுபடும் சூலியை நோக்கி, அவள் படும் பாடே பயிற்சி எனச் சொல்லி அமைதல் வரலாற்றுக்கும் ஒவ்வாது, அறத்திற்கும் ஒவ்வாது.