கேம் அண்ட் வாட்ச்

ஜப்பானின் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனம் 1980 முதல் 1991 வரை வெளியிட்ட கையடக்க மின்னணு விளையாட்டு வரிசை. பரிசாக மட்டும் தரப்பட்ட ஒன்றையும் சேர்த்து மொத்தம் 60 விளையாட்டுகள். உலகம் முழுவதும் சுமார் 4.34 கோடி கருவிகள் விற்றன. பழைய கையடக்க விளையாட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்களில் பலருக்கு முதல் அடி இதிலிருந்துதான்.

இதற்கு முன்பும் இவ்வகைக் கருவிகள் இருந்தன. அமெரிக்காவின் மாட்டெல் 1976-இல் கொண்டுவந்த 'ஆட்டோ ரேஸ்' விளையாட்டில் கார் என்பது சிவப்பு விளக்குக் கோடு மட்டுமே. 1979-இல் வந்த 'மைக்ரோவிஷன்' கருவி, விளையாட்டை மாற்றி மாற்றிச் செருகும் வசதி கொண்டது. ஆனால் அதன் திரை காலப்போக்கில் கறுத்துவிடும் என்பதால் இன்று ஓடும் நிலையில் கிடைப்பது அரிது.

கேம் அண்ட் வாட்சை உருவாக்கியவர் குன்பே யோகோய். 1965-இல் நிண்டெண்டோவில் சீட்டுக்கட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்தவர். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டபோது இந்த எண்ணம் தோன்றியதாக அவரே கூறியிருக்கிறார். கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியால் சிப்பும் எல்சிடி திரையும் மலிந்திருந்த காலம் அது. இரண்டையும் ஷார்ப் நிறுவனம் தந்தது. புதுமையான தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி மலிந்ததை வேறு வேலைக்குத் திருப்புவதே யோகோயின் கொள்கை. அவரது பிற்காலக் 'கேம் பாய்' (1989) கருவியும் அதே வழியில் பிறந்தது.

முதல் விளையாட்டான 'பால்' 1980 ஏப்ரல் 28-இல் 5,800 யென் விலையில் வந்தது. ஒருவன் பந்துகளை மேலே எறிந்து பிடிப்பான், அவ்வளவே. உருவம் நகர்வதுபோலத் தோன்றினாலும் எதுவும் நகர்வதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகக் கண்ணாடியில் முன்பே பதித்த உருவங்கள் மாறி மாறித் தெரிந்து மறையும். திரையைச் சாய்த்துப் பார்த்தால் எல்லா உருவங்களும் ஒன்றாக மங்கலாகத் தெரியும். விளையாடாத நேரத்தில் கருவி கடிகாரம். பெயரின் பிற்பாதிக்குக் காரணம் அது. 1981-இன் தங்க வரிசையில் வண்ணப் பின்னணியும் அலாரமும் சேர்ந்தன. 1982-இல் புத்தகம்போல மடிக்கும் 'டாங்கி காங்' வந்தது. நடப்பதற்கு அதில் வைத்த சிலுவை வடிவப் பொத்தான்தான் பின்னர் பெரும்பாலான விளையாட்டுக் கருவிகளிலும் இடம்பிடித்தது. இந்த வரிசை உலகுக்கு விட்டுச்சென்ற சொத்தில் பெரியது அதுவே எனலாம்.

நகல்களுக்கும் தனிச் சேகரிப்பாளர்கள் உண்டு. சோவியத் ஒன்றியத்தின் 'எலெக்ட்ரோனிகா' கருவிகளில் புகழ்பெற்றது, ஓநாய் கூடையில் முட்டை பிடிக்கும் விளையாட்டு; நிண்டெண்டோவின் 'எக்' விளையாட்டை அப்படியே ஒற்றியது. ஆயிரம் புள்ளி எடுத்தால் திரையில் கார்ட்டூன் ஓடும் என்று அந்நாட்டுச் சிறுவர்கள் நம்பினார்கள். மேலே சொன்னபடி பதித்த உருவங்களுக்கு அப்பால் எதையும் காட்ட அந்தத் திரையால் முடியாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

சேகரிப்பாளர்கள் மிகவும் நாடுவது, 1987-இல் நிண்டெண்டோ கார்ப் பந்தய விளையாட்டுப் போட்டியில் பரிசாகத் தந்த மஞ்சள் நிற 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. கடைக்கே வராத அதில் 10,000 மட்டுமே செய்யப்பட்டன. 2020-இல் அதே பெயரில் வந்த புதுக்கருவி வண்ணத்திரையும் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் கொண்டது. பழைய வரிசையின் தோற்றத்தை எடுத்துக்கொண்டது.

மற்றவற்றின் மதிப்பை முடிவுசெய்வது அரிய தன்மை மட்டுமல்ல, நிலையும்தான். அட்டைப்பெட்டி, கையேடு, கீறலற்ற உலோக முகப்பு எல்லாம் கணக்கில் வரும். வெயிலில் கிடந்த கருவியில் திரைமேல் ஒட்டிய ஒளித்தகடு வெளிறி உருவங்கள் மங்கும். அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். மறந்து விட்டுவைத்த பொத்தான் பேட்டரி கசிந்து பச்சை பூத்து, அதைத் தொடும் உலோகத் தகடுகளை அரிப்பதுதான் பெருந்தொல்லை. அந்த பேட்டரியின் சிறு மூடி எளிதில் தொலைந்துபோகும். அதனால் ஓடாத கருவியையும் மூடிக்காகவே வாங்குகிறார்கள்.