குரங்கு ரிஞ்சும் இட்லித் தட்டும்

இன்னைக்கு எபிசோட் பழைய பாயின்ட் அண்ட் க்ளிக் அட்வென்ச்சர் கேம்களைப் பத்தி. ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். துப்பாக்கி கிடையாது, வேகம் கிடையாது. திரையில ஒரு காட்சி இருக்கும். மவுஸை வெச்சு கதவைத் திறக்கணும், ஒரு பொருளை எடுக்கணும், அதை இன்னொண்ணோட சேர்த்துப் பார்க்கணும், எதிர்ல நிக்கிற ஆளுகிட்ட பேச்சு கொடுக்கணும். புதிர் விடுபட்டா கதை நகரும். இல்லன்னா அங்கேயே நிப்போம், சில சமயம் ஒரு வாரம்கூட.

முதல்ல வரலாறு. 1984-ல வந்த சியராவோட 'கிங்ஸ் க்வெஸ்ட்' மாதிரி கேம்கள்ல, என்ன செய்யணும்னு கீபோர்டுல டைப் பண்ணணும். கேமுக்குத் தெரிஞ்ச ஆங்கில வார்த்தை எதுன்னு கண்டுபிடிக்கறதே பாதி வேலை. 1987-ல லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் 'மேனியாக் மேன்ஷன்' கொண்டு வந்தாங்க. ரான் கில்பர்ட்டும் அவரோட டீமும் வினைச்சொற்களை எல்லாம் திரையிலேயே அடுக்கிட்டாங்க. திற, எடு, தள்ளு, கொடு. பத்துப் பதினஞ்சு வார்த்தை தெரிஞ்சா போதும், ஆட ஆரம்பிச்சிடலாம். ஆங்கிலம் தகராறு பண்ற ஊர்ப் பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவுன்னு யோசிச்சுப் பாருங்க.

1990-ல அதே டீம்ல இருந்து 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. கடற்கொள்ளையர் ஆக ஆசைப்படற ஒரு பையனோட கதை. ஃப்ளாப்பி பெட்டிக்குள்ள ஒரு அட்டைச் சக்கரம் வரும். கேம் ஒரு கொள்ளையனோட முகத்தைக் காட்டி, இவனை இந்த ஊர்ல எந்த வருஷம் தூக்குல போட்டாங்கன்னு கேட்கும். சக்கரத்தைச் சுத்தி முகத்தோட மேல் பாதியையும் கீழ் பாதியையும் பொருத்தினா வருஷம் தெரியும். திருட்டு காப்பிய தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்தச் சக்கரம் தாம்பரம் பக்கம் வரவே இல்ல. எங்களுக்கு கேம் வந்த வழி வேற. தாம்பரத்துல எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா கடைசி ஸ்டேஷன் பீச். இறங்கினா எதிர்லயே பர்மா பஜார். பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்கள் கடை போட்ட இடம். இந்தப் பக்கம் மவுண்ட் ரோட்டை ஒட்டி ரிச்சி தெரு. குரோம்பேட்டை, சேலையூர் வீடுகளுக்கு கம்ப்யூட்டர் பாகமும் சிடியும் இந்த மாதிரி இடங்கள்ல இருந்துதான் வந்துச்சு. சித்தப்பா, மாமான்னு யாராவது ஒருத்தர் வாங்கிட்டு வருவாங்க. கவர் மேல மார்க்கர்ல கேம் பேரு, அதுவும் தப்பான ஸ்பெல்லிங்ல. பெட்டியோட ஒரு அசல் பிரதியை ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் நான் கண்ணால பார்த்ததில்ல. கொள்ளையர் கதையை கொள்ளையடிச்ச காப்பியிலதான் ஆடினோம். காப்பி தடுப்பை உடைச்சிருப்பாங்க. ஒரே சிடியில பல கேம்களை அடக்கறதுக்காக வசனக் குரலையும் வெட்டியிருப்பாங்க.

இதுல இருந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. ஒரு அட்வென்ச்சர் கேம்ல பாதிதான் டிஸ்க்ல இருக்கு. மீதிப் பாதி திரைக்கு வெளியில, பெட்டியிலயும் ஆடறவங்க வீட்டுலயும் பேச்சுலயும் இருக்கு.

இதுக்கு நல்ல உதாரணம் 1991-ல வந்த ரெண்டாவது 'மங்கி ஐலண்ட்'. ஒரு பம்பைத் திருகி அருவியை நிறுத்தணும். விடை என்ன தெரியுமா? பியானோ வாசிக்கிற ஒரு குரங்கைத் தூக்கிட்டு வந்து, அதையே ரிஞ்சா வெச்சுத் திருகணும். அமெரிக்காவுல அந்த மாதிரி கருவிக்குப் பேரு 'மங்கி ரிஞ்ச்'. அந்த சிலேடை தெரிஞ்சவங்க சிரிச்சிருப்பாங்க. நம்ம ஊர் மெக்கானிக் ஷெட்ல அது ஸ்பேனர், இல்லன்னா பைப் ரிஞ்ச். குரங்குக்கு அங்க என்ன வேலை? பிரிட்டன்லகூட பல பேர் இதே இடத்துல முழிச்சாங்க. நாங்க பையில இருக்கற எல்லாத்தையும் அந்தப் பம்போட சேர்த்து சேர்த்துப் பார்த்துதான் தாண்டினோம். அதை விடை கண்டுபிடிச்சதுன்னு சொல்ல முடியாது, பூட்டை உடைச்சதுன்னு சொல்லலாம்.

டிஸ்க்ல இருக்கற பாதியைக் காப்பாத்தினது யாரு? இங்க கொஞ்சம் டெக்னிக்கலா போவோம். லூகாஸ்ஃபில்ம் டீம் கேமை நேரடியா மெஷின் கோடா எழுதல. 'ஸ்கம்'னு ஒரு ஸ்கிரிப்ட் மொழியில எழுதினாங்க. அதைப் படிச்சு ஓட்டறதுக்குத் தனியா ஒரு இன்டர்ப்ரெட்டர். ஜாவாவும் ஜேவிஎம்மும் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதனால அந்த இன்டர்ப்ரெட்டரை மட்டும் திருப்பி எழுதினா, பழைய டேட்டா ஃபைல் எந்த மெஷின்லயும் ஓடும். 2001-ல ஸ்வீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகியஸ் தொடங்கி வெச்ச 'ஸ்கம்விஎம்' இந்த வேலையைத்தான் பண்ணுது, ஓப்பன் சோர்ஸா. இன்னைக்கு உங்க போன்லயும் ஓடும்.

2003-ல இன்னொரு நல்லது நடந்துச்சு. பிரிட்டனோட ரெவல்யூஷன் சாஃப்ட்வேர், 1994-ல வந்த தன்னோட 'பெனீத் எ ஸ்டீல் ஸ்கை' கேமோட சோர்ஸ் கோடை ஸ்கம்விஎம் டீமுக்குக் கொடுத்து, கேமை எல்லாருக்கும் இலவசமாவும் ஆக்கிட்டாங்க. அது டெபியன் லினக்ஸ் களஞ்சியத்துக்குள்ள வந்துச்சு. 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினப்போ, விண்டோஸோட கூட பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. பாஸ், சென்னை சிடாக் உருவாக்கினது, அடிப்படை டெபியன். எங்க கிளாஸ்ல பல பேர் அந்தப் பக்கமே போகல. நான் போனேன். அந்த லேப்டாப்லதான் முதல் தடவையா ஒரு அட்வென்ச்சர் கேமை முழுசா, குரலோட, யாரையும் ஏமாத்தாம ஆடி முடிச்சேன்.

சரி, திரைக்கு வெளியில இருக்கற பாதி? அதுக்கு பதில் 2023 ஜூலை 31-ல வந்துச்சு. டொரண்டோவுல இருக்கற விசை கேம்ஸோட 'வெண்பா'. 1980-கள்ல தமிழ்நாட்டுல இருந்து கனடா போன ஒரு குடும்பத்தோட கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிஞ்சு அழிஞ்சு போயிருக்கு. விட்டுப்போன வரிகளை ஊகிச்சு சமைக்கணும், அதுதான் புதிர். முதல் புதிர் இட்லி. தட்டை எப்படி அடுக்கணும்? குழிக்கு நேர் மேல குழி வரக்கூடாது, ஆவி போக வழி வேணும். உலகம் முழுக்க ஆடறவங்க இதை யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். எங்க அம்மா என் தோளுக்குப் பின்னாடி நின்னு ரெண்டு செகண்ட்ல சொல்லிட்டாங்க. 2024-ல இந்த கேமுக்கு பாஃப்டாவோட அறிமுக கேம் விருது கிடைச்சுது, ஐஜிஎஃப் விழாவுல முதல் பரிசும். எனக்கு விருதைவிடப் பெருசு, குரங்கு ரிஞ்சுக்கு வெளியில நின்ன ஊர் இட்லித் தட்டுக்கு உள்ள வந்தது.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். டேட்டா ஃபைலைக் காப்பாத்த ஸ்கம்விஎம் இருக்கு. பல்லாவரத்துல ஒரு வீட்டுல மூணு பேர் ஒரே மவுஸுக்கு சண்டை போட்டதையும், நோட்டு கடைசிப் பக்கத்துல வரைபடம் போட்டதையும், கரண்ட் போறதுக்குள்ள சேவ் பண்ண ஓடினதையும் எந்த களஞ்சியமும் வெச்சுக்கல. வீட்டுல எழுதின சிடிகள்ல இருக்கற சாயம் வருஷம் ஆக ஆக மங்கும். சில சிடி இப்பவே திறக்காது. பரண்ல இருந்தா இந்த வாரமே எடுங்க. உள்ள இருக்கறதை ஹார்ட் டிஸ்க்ல ஏத்துங்க. கவரையும் நோட்டையும் போட்டோ எடுங்க. வாங்கிட்டு வந்த சித்தப்பாவை உட்கார வெச்சு, எந்தக் கடை, எவ்வளவு விலை, யாரோட சேர்ந்து ஆடினீங்கன்னு கேட்டு, போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.