ஆல்பர்ட் கேஷியர் என்னும் சிப்பாய்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின் பக்கம் நின்று பணியாற்றியவர்கள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர். வரலாற்று நூல்களோ கிராண்ட், ஷெர்மன் என்று தளபதிகளையே சுற்றி வருகின்றன. சாதாரணச் சிப்பாயைத் தேடுகிறவர்கள் ஓய்வூதியக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும். அப்படியொரு கோப்பு ஆல்பர்ட் கேஷியருடையது.

அயர்லாந்திலிருந்து வந்தவர், எழுத்தறிவு இல்லாதவர். 1862 ஆகஸ்டில் இல்லினாய்ஸ் 95ஆம் காலாட்படையில் சேர்ந்தார். கம்பெனியிலேயே குள்ளமானவர். தனித்திருக்கும் இயல்பினர், ஆனால் சண்டையில் பின்வாங்காதவர் என்று தோழர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். 1863இல் விக்ஸ்பர்க் முற்றுகை, 1864இல் ரெட் ரிவர் படையெடுப்பு, அதே ஆண்டு கன்டவுனில் படுதோல்வி. அந்தத் தோல்வியில் படைப்பிரிவின் கர்னலே மாண்டார். கேஷியர் இவை அனைத்தையும் கடந்து 1865 ஆகஸ்டில் ஊர் திரும்பினார்.

பிறகு வந்தது நாற்பதாண்டுக் கூலி வாழ்க்கை. சானமின் என்ற சிற்றூரில் பண்ணையாள், தேவாலயக் காவலாளி, தெருவிளக்கு ஏற்றுபவர். தேர்தல்களில் வாக்களித்தார். படைவீரர் ஓய்வூதியமும் பெற்றார்.

1911இல் தாம் வேலை செய்த செனட்டரின் மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்தது. சிகிச்சைக்கு வந்த மருத்துவர் கண்டது ஒரு பெண்ணுடலை. பிறப்பில் அவர் ஜென்னி ஹாட்ஜர்ஸ். மருத்துவரும் செனட்டரும் அதை வெளியிடவில்லை. குவின்ஸியிலிருந்த படைவீரர் இல்லத்தில் அவரைச் சேர்த்தனர். (தமிழில் 'அவர்' என்றொரு சொல் இருப்பது இங்கே பெரும் வசதி. ஆங்கிலத்தில் இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டியிருக்கிறது.)

1914இல் முதுமையின் மனத்தளர்ச்சியைக் காரணம் காட்டி அவரை அரசு மனநல விடுதிக்கு மாற்றினார்கள். அங்கே பாவாடை அணியக் கட்டாயப்படுத்தப்பட்டார். ஐம்பதாண்டுக்கும் மேலாகக் கால்சட்டையில் நடந்தவர் அதில் இடறி விழுந்தார். செய்தி இதழ்களுக்கு எட்டியது. ஓய்வூதிய அலுவலகம் மோசடியா என்று விசாரிக்கத் தொடங்கியது.

எனக்கு இவ்விசாரணையே முக்கியமாகப் படுகிறது. அரசு கேட்டது ஒரே கேள்வி: போரிட்ட கேஷியரும் இவரும் ஒருவரா? முதிய தோழர்கள் அடையாளம் காட்டிச் சாட்சி சொன்னார்கள். ஏமாற்றப்பட்டதாகச் சினம் கொள்ள அவர்களுக்கு இடமிருந்தது. ஆனால் தம்மோடு அணிவகுத்த அந்தக் குள்ளமான சிப்பாய் இவர்தான் என்பதில் அவர்கள் உறுதியாக நின்றார்கள். 1915இல் ஓய்வூதியம் செல்லும் என்று முடிவாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் கேஷியர் இறந்தார். படைச் சீருடையில், இராணுவ மரியாதையுடன் சானமினில் அடக்கம் செய்தார்கள். கல்லில் ஆல்பர்ட் கேஷியர் என்ற பெயரும், கம்பெனி 'ஜி', இல்லினாய்ஸ் 95 என்ற விவரமும் பொறிக்கப்பட்டன. ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெயரையும் தாங்கிய இரண்டாவது கல் அங்கே நடப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. விக்ஸ்பர்க்கில் 1906இல் திறக்கப்பட்ட இல்லினாய்ஸ் நினைவு மண்டபத்தின் வெண்கலத் தகடுகளில், முற்றுகையில் நின்ற முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வரிசையில், கேஷியரின் பெயர் அவர் வாழ்ந்தபோதே இடம்பெற்றிருந்தது.