116 பக்கமும் ஆயிரம் பக்கமும்

நாவல்னா தலையணை சைஸ்ல இருக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நினைப்பு. அதனாலதான் நான் எழுத ஆரம்பிச்ச ஒண்ணு 400 பக்கம் தாண்டியும் முடியாம கிடக்கு (சிரிக்காதீங்க). அதை ஓரமா வச்சிட்டு க்ளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' நாவலை மூணாவது தடவையா, இந்த முறை பென்சிலோட படிச்சேன். 2021-இல் வந்தது, 2022-இல் புக்கர் குறும்பட்டியலில் இடம்பிடித்தது. மொத்தமே 116 பக்கம்!

முதல்ல சரித்திரம். அயர்லாந்தில் கன்னியர் மடங்கள் நடத்திய மக்தலீன் சலவைக்கூடங்கள். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள், அனாதைகள், 'அடங்காதவள்' என்று வீட்டாரே முடிவு கட்டியவர்கள்... இப்படிப்பட்ட பெண்களை உள்ளே வைத்துக் கூலியில்லாமல் துணி துவைக்க வைத்தார்கள். 1993-இல் டப்ளினில் ஒரு மடம் நிலத்தை விற்றபோது 155 உடல்களைத் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. கடைசிக் கூடம் மூடியது 1996-இல். யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர்ல கேபிள் டிவி வந்தாச்சு! 2013-இல் அரசு அறிக்கை வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1922-க்குப் பிறகு குறைந்தது 10,000 பெண்கள் என்றது. அதே பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி மன்னிப்புக் கேட்டார்.

இந்தக் கணக்கெல்லாம் கீகனின் கதைக்குள் கிடையாது. 1985, கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் என்ற சின்ன ஊர். விறகு, நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங் விடிகாலையில் மடத்துக்குக் கரி இறக்கப் போகிறான். கரிக்கொட்டகையில் ஒரு பெண் அடைபட்டுக் கிடக்கிறாள். பெரிய சம்பவம்னு பார்த்தா இதுதான்.

சரி, இவன் ஏன் உடனே சத்தம் போடவில்லை? அவனுக்கு அஞ்சு பெண் பிள்ளைகள். ஊர்லயே நல்ல பெண்கள் பள்ளிக்கூடம் மடத்துக்குப் பக்கத்துச் சுவர். கன்னியரைப் பகைச்சுக்கிட்டா பிள்ளைகள் படிப்பு போச்சு. ஒரு ஊரே எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்ததுன்னு அறிக்கை எத்தனையோ அத்தியாயத்தில் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே அந்த மதில் சுவரும் ஸ்கூல் யூனிஃபார்மும் சொல்லிடுது.

ஒரு நெருடல் மட்டும் உண்டு. நிஜமான நியூ ராஸ் சலவைக்கூடம் 1967-லேயே மூடியாச்சு. கீகன் தெரிந்தேதான் தள்ளி வைத்திருப்பார் என்பது என் ஊகம். 1960 என்று போட்டிருந்தால் 'அதெல்லாம் அந்தக் காலம்பா' என்று வாசகன் தப்பிச்சிருப்பான். சரித்திரம் படிக்கிறவனாக எனக்கு உறுத்துது. எழுத ஆசைப்படுறவனாக, அந்த 18 வருஷத்தைக் கண்டு பொறாமைதான்.

அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கிறான். அதோடு கதை முடிஞ்சது. மனைவி என்ன சொன்னாள், ஊர் என்ன செய்தது... எதுவும் இல்லை. நானா இருந்தா அங்கிருந்துதான் இரண்டாம் பாகமே ஆரம்பிச்சிருப்பேன்.

என் 400 பக்கத்தில் தாத்தா காலத்துப் பஞ்சம் மட்டும் 60 பக்கம். லைப்ரரியில் உட்கார்ந்து எடுத்த நோட்ஸ் வீணாகக்கூடாதேன்னு சேர்த்தது. நேத்து ராத்திரி அதில் முதல் 20 பக்கத்தைக் கிழிச்சேன். குப்பையில போட இன்னும் மனசு வரலை, மேசை மேலயே கிடக்கு :-)