கரையான் அரித்த ஹார்ட் டிஸ்க்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஓதுவார் ஒருத்தர் பாடிய தேவாரப் பதிவுகள் என்கிட்ட 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. திறக்கவே நேரமாகுது. டிஃப்ராக் பண்ணலாமான்னு யோசிச்சப்போ சிதம்பரம் ஞாபகம் வந்துச்சு.

அந்தத் தேவார ஏடுகளே தில்லைக் கோயில் அறையில கரையான் அரிச்சுக் கிடந்தவைதானாம். நம்பியாண்டார் நம்பி மிஞ்சினதை மீட்டுத் தொகுத்தார்னு திருமுறைகண்ட புராணம் சொல்லுது. ராஜராஜ சோழன் காலம்னு சொல்வாங்க. அதைப் பண் வரிசையிலயும் அடுக்கினாங்க, தல வரிசையிலயும் அடுக்கினாங்க. போன பாட்டு எந்த வரிசையிலயும் திரும்பி வரல.

டிஃப்ராக்கும் அடுக்குற வேலைதான்: சிதறின துண்டுகளைச் சேர்த்து வைக்கும். ஒரே தடவை எழுதி வச்ச பெரிய ஃபைல்களுக்கு லாபம் சொற்பம். டிஸ்க் ஏற்கனவே தள்ளாடுதுன்னா, மணிக்கணக்கா ஓட்டுறதே ஆபத்து. இப்போ இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி ஓடிட்டிருக்கு. டிஃப்ராக் அப்புறம் பாத்துக்கலாம்.