யாழும் நரம்பு வீக்கும் முறையும்

இசைக்கருவிகளுள் நரம்புக் கருவியே பெரிதும் பேணுதற்குரியது. குழலின் துளை ஒருமுறை இடப்பெற்றால் அவ்வாறே நிற்கும். நரம்போ வெயிலாலும் ஈரத்தாலும் நாடோறும் தளர்ந்தும் இறுகியும் வேறுபடும். ஆதலின் நரம்பினைச் சுருதி கூட்டுந் தொழிலைப் பழந்தமிழர் தனிக்கலையாகவே போற்றினர். அக்கலையின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பேரியாழ் 21 நரம்பும், சகோடயாழ் 14 நரம்பும், செங்கோட்டியாழ் 7 நரம்பும் உடையன என உரைகளால் அறிகின்றோம். வீணையிற்போல யாழில் மெட்டுக்கள் இல்லை. ஒரு நரம்பு ஓர் இசைக்கே உரியது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழிசைக்கும் 22 அலகு வகுத்து, அவ்வளவிற்கேற்ப நரம்புகளை வீக்கினர். நின்ற நரம்பிற்கு நான்காவது நட்பென்றும், மூன்றாவதும் ஆறாவதும் பகையென்றும் முறை கண்டனர். சிலப்பதிகாரக் கானல்வரியிற் கூறப்படும் எண்வகைத் தொழில்களுள் முதலாவதாகிய பண்ணல் என்பது, பாட எடுத்த பண்ணுக்கேற்ப நரம்புகளை நிறுத்துதலேயாம்.

ஒரு நரம்பு பிழைப்பின் என்னாம்? செம்பாலையே இக்காலத்து அரிகாம்போதி என்பது ஆய்வாளர் பலரது துணிபு. அவ்வரிகாம்போதியில் நிடாதம் ஒன்றனைமட்டும் அரைச்சுரம் உயர்த்தின், அது சங்கராபரணமாய் விடும். ஏனைய ஆறும் நின்றவாறே நிற்ப, ஒன்றன் திரிபாற் பண்ணே வேறாகின்றது. அறிந்து திரிப்பின் அது கலை. அறியாது திரியின் அது வழு.

கருவியின் குற்றங்களையும் அவர்கள் விடாது ஆராய்ந்தனர். நீரில் நின்றதும், அழுகியதும், வெந்ததும், இடி வீழ்ந்ததுமாகிய மரம் யாழிற்கு ஆகாது. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்னும் நான்கும் நரம்பின் குற்றங்கள். காந்தருவதத்தையோடு இசையில் வெல்லப் புகுந்த சீவகன், குற்றமுடைய யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக விலக்கியதைச் சிந்தாமணி விரித்துரைக்கின்றது.

இத்துணை நுட்பங் கண்ட நாட்டிலேயே யாழ் வழக்கொழிந்தது. மரமும் நரம்பும் மட்கின; ஏடுகளே எஞ்சின. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1892ஆம் ஆண்டிற் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லாருரையோடு வெளியிட்டார்கள். ஆயின் கானல்வரிக்கு அவ்வுரை கிடைத்திலது. 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், சுருதி 24 எனக் கொண்டார். 1947இல் யாழ்நூல் அரங்கேற்றிய விபுலானந்த அடிகள், 22 எனக் கொண்டு யாழ்களின் அமைப்பை ஆராய்ந்து உரைத்தார். பேரறிஞர் இருவர் இங்ஙனம் வேறுபட்டமைக்குக் காரணம் யாது? நூல் இருந்தும், நரம்பை வீக்கிச் செவிக்குக் காட்டும் ஆசிரிய மரபு அற்றுப்போனமையே என்போம். பர்மா நாட்டிற் சவுங் என்னும் வில்யாழ் இன்றும் வாசிக்கப்படுகின்றது. அங்கே ஆசிரியன் கையினின்று மாணவன் கைக்கு அவ்வித்தை வழிவழி வருகின்றது.

அன்பர்காள்! ஏடு எழுத்தைக் காக்கும். ஒலியைக் காப்பன செவியும் கையுமே. நம் இல்லங்களிற் பழைய ஏடுகள் உளவாயின், அவற்றை ஆற்றில் விடாது அறிந்தோரிடம் சேர்ப்பிப்போமாக. யாதானும் ஒரு கைத்தொழில் நம்மிடத்து எஞ்சியிருப்பின், அதனை வாய்ச்சொல்லளவில் விடாது நம் மக்கள் கையிலும் பழக்குவோமாக. பழக்காதொழியின், யாழிற்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்.