ஆய்விதழ் ஆசிரியர் குழு: பாலினப் பன்மையும் வட்டாரப் பன்மையும்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை மதிப்பிடப் போவது யார், அதை அச்சேற்றுவதா திருப்பி அனுப்புவதா என்பதையெல்லாம் முடிவு செய்வது ஆசிரியர் குழு. எது ஆய்வுக்கு உரிய பொருள் என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. அக்குழுவில் பெண்களுக்கும் பல ஊர், பல நாட்டவருக்கும் இடம் கிடைப்பதே பன்மை.

வட்டாரப் பன்மைக்குத் தாமிரபரணிக் கரையில் வலுவான முன்னோடி உண்டு. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980), பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழைக் கொண்டுவந்தார். அவர் பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’ பாபநாசம் மலைப்பகுதியைச் சார்ந்தது. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் குலப் பெண்களை மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து செருப்புத் தைக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். வில்லுப்பாட்டுக்காரர்கள் கோயில் கொடைகளில் பாடிய இக்கதை ஆய்வுப் பொருளாக உயர்ந்ததற்கு, அந்த மண்ணை அறிந்தவர் பதிப்பாசிரியராக இருந்ததே காரணம்.

யாழ்ப்பாணத்தவரான தனிநாயகம் அடிகள் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர். 1952இல் அவர் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கிலக் காலாண்டிதழ், தமிழாய்வை வெளிநாட்டு அறிஞர்களிடம் கொண்டுசேர்த்தது.

ஆனால் இவ்விரு இதழ்களுக்கும் ஆசிரியர்கள் ஆண்களே. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி 1895இலேயே வந்துவிட்டது. 1990இல் உருவான மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு 1992 முதல் 1998 வரை வே. வசந்தி தேவி துணைவேந்தராக இருந்தார். எனவே படித்த பெண்கள் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

உலக நிலையும் இதுவே. 1869இல் தொடங்கிய ‘நேச்சர்’ இதழுக்கு முதல் பெண் தலைமையாசிரியராக மக்தலேனா ஸ்கிப்பர் வந்தது 2018இல்தான். கணிதவியல் இதழ்கள் 435இன் ஆசிரியர் குழுக்களை டோபாஸ், சென் இருவரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, பெண்கள் வகித்த இடங்கள் 8.9 விழுக்காடு மட்டுமே.

குழுவில் இருப்பவர் தமக்குத் தெரிந்தவரையே அழைப்பதும், பதவிக்காலத்துக்கு வரம்பில்லாததும் இதற்கு முக்கியக் காரணங்கள். பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்து, வெளிப்படையாக விண்ணப்பம் கேட்டு, உறுப்பினரின் ஊரையும் நிறுவனத்தையும் அச்சிடும் வழக்கத்தை நெல்லைக் கல்லூரிகளின் ஆய்விதழ்களே தொடங்கிவைக்க வேண்டும்.